நூலும் நெய்தவனுடையதென்றால்

பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் விசைத்தறிகள் பெரும்பாலும் கூலிக்கு ஓடுகின்றன. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடைநூலும் கொடுப்பார். தறிக்காரர் நெய்து, துணியாகத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குவார். துணியில் குறை தெரிந்தால் வழக்கு அங்கேயே தொடங்கும். வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் ஓரிடத்தில் இழை தடித்தும் அடுத்த விரற்கடையில் மெலிந்தும் கிடக்கும்; பாவுநூல் அறுந்த இடம் நீளக் கோடாக ஓடும். நூல் சரியில்லை என்பார் தறிக்காரர். தறியை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பார் நூல் கொடுத்தவர். நூல் ஒருவருடையது, நெசவு இன்னொருவருடையது என்பதால்தான் இப்படிப் பேச இடமிருக்கிறது. பருத்தியை விளைவித்தவர், நூற்றவர், தறியைச் செய்தவர், நெய்தவர் எல்லாம் ஒரே ஆள் என்றால் குறைக்கு அவர் யாரைக் கைகாட்டுவார்? சர்வவல்லமையுள்ள கடவுள் என்ற கிறிஸ்தவக் கோட்பாட்டின் முன் நிற்கும் பழைய கேள்வி இதுதான். இதை ஐரோப்பிய நாத்திகர்களிடமிருந்து நாம் இரவல் வாங்கியதாகவே பலரும் எண்ணுகிறோம். கொங்கு நாட்டின் சமய வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சிலுவை இங்கே வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, படைத்தவனை நிறுத்திக் கணக்குக் கேட்கும் பழக்கம் தமிழில் இருந்தது.

புறநானூற்றின் 194ஆம் பாட்டைப் பாடியவர் பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டில் சாப்பறை, பக்கத்து வீட்டில் மண முழவு. ஒருத்தி பூச்சூட, இன்னொருத்தி கண்ணீர் வடிக்கிறாள். இதைப் பார்த்த புலவர், உலகை இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று முடிக்கிறார். திருக்குறளில் இரவச்சம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்று விதித்திருந்தால், விதித்தவனும் அப்படியே அலைந்து கெடட்டும் என்கிறது. இரண்டுமே கடவுள் உண்டா இல்லையா என்ற விசாரணைக்குள் போகவில்லை. படைத்ததற்குப் பொறுப்பு யாருடையது என்பதுதான் அவற்றின் கேள்வி. கொங்கிலோ சமணம் வேரூன்றியிருந்தது. பல்லடத்துக்கு வடகிழக்கே, திருப்பூரைத் தாண்டிப் போனால் விஜயமங்கலம்; பெருங்கதை எழுதிய கொங்குவேளிரின் ஊர், சமணக் கோயில் உள்ள ஊர். சமணத்தில் உலகைப் படைத்த கடவுளே கிடையாது. உலகம் தொடக்கமில்லாதது; உயிர்கள் தத்தம் வினையால் உழல்கின்றன. அந்தக் கணக்கில் படைத்தவன் என்ற கட்டமே இல்லை. ஆகவே அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டிய தேவையும் இல்லை.

சைவ சித்தாந்தம் கடவுளை வைத்துக்கொண்டே இந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்றது. பதி, பசு, பாசம் மூன்றும் தொடக்கமற்றவை என்றது. குடம் உண்டாகக் குயவன் வேண்டும், மண் வேண்டும், சக்கரமும் கோலும் வேண்டும். குயவன் நிமித்த காரணம், மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம். சிவன் குயவனைப் போல. மாயை மண்ணைப் போல. உயிரின் இருளுக்குக் காரணமான ஆணவ மலத்தை சிவன் உண்டாக்கவில்லை. அது செம்பில் களிம்பு போல உயிரோடு என்றுமே ஒட்டியிருப்பது. முடிவிலா ஆற்றல் இறைவனின் எண்குணங்களில் ஒன்று என்று சைவர் சொல்வது உண்மை. ஆனாலும் மலத்தின் சக்தியை அவன் மெலிவிக்கிறானே ஒழிய, மலம் என்ற பொருளையே இல்லாமல் ஆக்குவதில்லை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சித்தாந்தத்தின் கடவுள் வெளியிலிருந்து வந்த பாவை வாங்கி நெய்பவர். இழையில் குறையிருந்தால் அவர்மேல் பிடித்தம் போட முடியாது. பவுலும் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் இதே குயவனைத்தான் அழைத்து வருகிறார். என்னை ஏன் இப்படி வனைந்தாய் என்று களிமண் குயவனைக் கேட்கலாமா என்கிறார். உவமை ஒன்றுதான், நிலைமை வேறு. பின்வந்த திருச்சபையின் கணக்கில் பவுலின் குயவன் மண்ணையும் தானே படைத்தவன். ஆதியாகமத்தின் தொடக்க வசனங்களில் இருளும் ஆழ்நீரும் ஏற்கெனவே கிடப்பது போலத்தான் தோன்றும். இன்மையிலிருந்தே எல்லாவற்றையும் கடவுள் படைத்தார் என்பது கி.பி. 2ஆம் நூற்றாண்டில்தான் திருச்சபையில் தெளிவான கோட்பாடாக உருப்பெற்றது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. கடவுளின் மகிமையை உயர்த்துவதற்காக எடுத்த முடிவு அது. அதன் விலையும் பெரிது. அன்றோடு அவர் நூலின்மேல் பழிபோடும் வழி அடைபட்டது.

இந்தக் கோட்பாடு கிழக்கே வந்தபோது கேட்டவர்கள் அந்த ஓட்டையை உடனே கண்டுகொண்டார்கள். 1542 முதல் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணிசெய்த பிரான்சிஸ் சவேரியார் பின்னர் ஜப்பானுக்குப் போனார். திரும்பி வந்து 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், யமகுச்சி நகரத்தார் தன்னைக் கேட்டவற்றைச் சொல்கிறார். எல்லாவற்றையும் படைத்தவர் நல்லவர் என்றால் தீமை செய்யும் பேய்களை யார் படைத்தது? இத்தனை காலம் எங்களுக்கு இதை அறிவிக்காமல் ஏன் இருந்தார்? எங்கள் முன்னோர் எல்லாரும் நரகத்தில்தானா? பேய்கள் நல்லவையாகவே படைக்கப்பட்டன, தாமாகக் கெட்டன என்று சவேரியார் பதில் சொன்னார். முன்னோரை நினைத்து அவர்கள் அழுததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி இன்னும் கடினமான களத்தில் இறங்க வேண்டியிருந்தது. ஒருவன் அரண்மனையிலும் இன்னொருவன் குடிசையிலும் பிறப்பது ஏன் என்ற கேள்விக்கு இங்கே மறுபிறவி என்ற விடை தயாராக இருந்தது. அதை மறுக்கவே தமிழில் தனி நூல் எழுதினார். மறுபிறவியை அகற்றிவிட்டால் பிறப்பின் ஏற்றத்தாழ்வுக்கு வேறு காரணம் சொல்ல வேண்டும். கடவுள் உலகத்துக்கு வகுத்த ஒழுங்கு என்பதைத் தவிர அவரிடம் வேறு விடை இருக்க முடியாது. தர்க்கத்தில் அது முந்தைய விடையைவிடக் கனமானது. குடிசையில் பிறந்தவன் இப்போது தன் பழைய பிறவியைப் பார்த்து அழ வேண்டியதில்லை. வகுத்தவரின் முகத்தை நேராகவே பார்க்கலாம்.

கொங்கில் கிறிஸ்தவம் நேற்று வந்ததன்று. பல்லடத்துக்கு வடமேற்கே, சோமனூரை ஒட்டிய கருமத்தம்பட்டியில் 17ஆம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கச் சபை இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் மிஷன் கோவையில் கால்பதித்துச் சுற்று வட்டாரத்துக்குப் பரவியது. ஜெபத்தில் சொல்லும் சொற்களும் மாறிக்கொண்டே வந்தன. நொபிலியும் தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்குவும் சருவேசுரன் என்றார்கள்; வேதாகமத்தைத் தமிழாக்கிய பப்ரிசியுஸ் பராபரன் என்றார்; 1871இன் ஐக்கிய வேதாகம மொழிபெயர்ப்பில் தேவன் வந்தது; 20ஆம் நூற்றாண்டின் திருத்திய மொழிபெயர்ப்பில் கடவுள் வந்தது. கடவுளின் பெயர் இத்தனை முறை மாறியும் சர்வவல்லமை மட்டும் அசையவில்லை. ஆதியாகமம் 17இல் ஆபிரகாமிடம் கடவுள் தன்னை அறிமுகப்படுத்தும் இடத்தில் எபிரேயத்தில் இருப்பது 'ஷத்தாய்'; அதன் பொருள் இன்றும் தீராத வழக்கு. நிசேயா விசுவாச அறிக்கையின் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் 'பாந்தோக்கிராத்தோர்', எல்லாவற்றையும் ஆள்பவர். அது லத்தீனில் 'ஓம்னிபொத்தென்ஸ்' ஆனபோதுதான் எதையும் செய்ய வல்லவர் என்ற தொனி அழுந்த விழுந்தது. ஆள்பவர் வேறு, எதையும் செய்ய வல்லவர் வேறு. ஒரு ராஜாவின் ஆட்சியில் கலகமும் இருக்கலாம், பஞ்சமும் இருக்கலாம். அவன் ராஜாவாகவே இருப்பான். எதையும் செய்ய வல்லவரின் உலகத்தில் பஞ்சம் இருந்தால் அவர் விரும்பாமல் அது இருக்க வழியில்லை.

அப்படி ஒரு பஞ்சம் 1876இல் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் பல்லடம் தாலுகா எப்போதுமே மழை குறைந்த மேட்டுக்காடு. வெள்ளாமை கிணற்றை நம்பியது. கவலையில் எருதுகள் சரிவில் இறங்க இறங்க, தோல்பறியில் தண்ணீர் மேலேறி வாய்க்காலில் கொட்டும். அந்த ஆண்டு சென்னை மாகாணத்தில் இரண்டு பருவமழையும் பொய்த்தன. கிணறு வற்றினால் கவலைக்கு வேலையில்லை, தீவனமில்லாமல் எருதும் இல்லை. எருது செத்த பிறகு மழை பெய்தாலும் உழ முடியாது. கோவை மாவட்டம் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. 1871இல் இருந்த மக்கள்தொகைகூட 1881 கணக்கெடுப்பில் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. மிஷனரிகள் கஞ்சி ஊற்றினார்கள், அநாதைக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் அந்த ஆண்டுகளில் சபையில் சேர்ந்தார்கள். கஞ்சி ஊற்றிய கைகளை வணங்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கைகளுக்குப் பின்னால் நின்ற போதனை, மழையைத் தருபவரும் தடுப்பவரும் கடவுளே என்று சொன்னது.

இதற்குக் கிறிஸ்தவம் தரும் பதில்கள் இலேசானவையல்ல. தன்னால் தூக்க முடியாத கல்லைக் கடவுளால் படைக்க முடியுமா என்ற கேள்வியை நான் பொருட்படுத்துவதில்லை. அது சொல் விளையாட்டு. தர்க்கத்துக்கே முரணான ஒன்றைச் செய்யாமலிருப்பது வல்லமைக் குறைவல்ல என்று தாமஸ் அக்வினாஸ் சொன்ன பதில் போதும். கனமான பதில் சுயசித்தம். அன்பு செய்யும் சுதந்திரம் வேண்டுமானால் தீமை செய்யும் சுதந்திரமும் வேண்டும், கெட்டது மனிதன் தேர்ந்தது என்பார்கள். கொலைக்கும் கொள்ளைக்கும் இது ஓரளவு பொருந்தும். பருவமழை யாருடைய சித்தத்தால் பொய்த்தது? தவிர, பரலோகத்தில் மீட்கப்பட்டவர்கள் சுதந்திரத்தோடும் பாவமில்லாமலும் என்றென்றும் வாழ்வார்கள் என்பது அதே சபையின் நம்பிக்கை. சுதந்திரமும் பாவமின்மையும் சேர்ந்திருப்பது அங்கே கூடுமானால், தொடக்கத்திலேயே ஏன் கூடவில்லை? துன்பம் ஆத்துமாவைப் புடமிடுகிறது என்பது இன்னொரு பதில். பிழைத்து நரைத்தவர்களைப் பார்த்து இதைச் சொல்லலாம். தாயின் வறண்ட மார்பில் இறந்த ஒரு வயதுக் குழந்தை எந்தப் புடத்தில் தேறியது? கடைசிப் பதில், அவருடைய வழிகள் நமக்கு எட்டாதவை என்பது. எட்டாதவை என்றால் அவை நல்லவை என்றும் நாம் சொல்ல முடியாது. நன்மைக்கு மட்டும் எட்டி, தீமைக்கு எட்டாமல் போகும் அறிவு நியாயமான அளவுகோலாகாது.

அற்புதங்களின் கதையும் இதே சிக்கலில்தான் மாட்டுகிறது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, வேளாங்கண்ணிக் கடற்கரையில் ஏராளமான யாத்திரிகர்கள் அலையில் மாண்டார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை, மாதா காத்தாள் என்று பலர் சாட்சி சொன்னார்கள். அந்தச் சாட்சியின் உருக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் வாசற்படியில் நீரை நிறுத்த முடிந்த கை, ஒரு பர்லாங் தள்ளியும் நிறுத்தியிருக்கலாம். காப்பாற்றிய ஒவ்வொரு கதையும் காப்பாற்றாத கதைகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதாகிவிடுகிறது. இது கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரியதன்று. பல்லடத்துக்கு வடக்கே அவிநாசியில், முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டார் என்கிறது பெரியபுராண மரபு. மீளாத பிள்ளைகளின் கேள்வி அங்கும் குளக்கரையில் நிற்கிறது. அங்கே சைவருக்கு ஒரு தப்பிக்கும் வாசல் உண்டு: வினை.

அந்த வாசல் எங்கே திறக்கிறது என்று பார்ப்பதுதான் இந்த விவாதத்தில் முக்கியம் என்று நினைக்கிறேன். கடவுளின் மேலிருந்து பழியை இறக்கிய சித்தாந்தம் அதை மனிதனின் தலையில் வைத்தது. பஞ்சத்தில் முதலில் செத்தவர்கள் நிலமில்லாத கூலிகள். அவர்களிலும் ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட சாதியினர். கொங்குக் கிராமங்களில் கவலைக்குத் தோல்பறி தைத்துக் கொடுத்த மாதாரிகளுக்கு அந்தக் கிணற்றில் நீர் மொள்ளும் உரிமை இருக்கவில்லை. அவர்கள் அப்படிப் பிறந்தது அவர்களின் முன்வினை என்று சொல்லும் கோட்பாட்டில் தர்க்கப் பிழை குறைவு; இரக்கமோ அதிலும் குறைவு. யோவான் சுவிசேஷத்தில் பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இவன் பாவம் செய்தானா, பெற்றவர்கள் செய்தார்களா என்று கேட்கிறார்கள். இருவரும் இல்லை என்று இயேசு மறுக்கிறார். உன் பிறப்பு உன் குற்றமில்லை என்று நூற்றாண்டுகளாகக் கேட்டிராத ஒருவனுக்கு அந்த மறுப்பு என்னவாக இருந்திருக்கும்! ஒடுக்கப்பட்டோர் சபைகளுக்குப் போனதைக் கஞ்சிக்காகப் போனார்கள் என்று சுருக்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அதே இடத்தில் இயேசு அடுத்துச் சொல்வது, கடவுளின் செயல்கள் இவனிடம் விளங்கும்படி இப்படிப் பிறந்தான் என்பது. பழி மனிதனின் தலையிலிருந்து இறங்கிய கணமே மேலே ஏறிவிட்டது. கிறிஸ்தவக் கடவுளின் தர்க்கப் பலவீனமும் அந்த மதத்தின் அறவலிமையும் ஒரே இழையால் ஆனவை. ஒன்றை உருவினால் மற்றதும் கையோடு வந்துவிடும்.

பழியைக் கடவுள் மேலும் போடாமல், வினையின் மேலும் போடாமல், இங்கேயே தேடலாம் என்றவர்கள் பிறகு வந்தார்கள். பஞ்சம் ஓய்ந்த 1878இல் தொடங்கியது சென்னை இலௌகிக சங்கம். லண்டனில் சார்லஸ் பிராட்லாவின் நாத்திக இயக்கத்தோடு தொடர்பு வைத்திருந்த அந்தச் சங்கத்தார் 1882 முதல் 1888 வரை தத்துவ விவேசினி இதழை நடத்தினார்கள். 1925 மே 2இல் ஈரோட்டிலிருந்து பெரியாரின் குடிஅரசு வந்தது; ஈரோடும் பல்லடமும் அப்போது ஒரே கோவை மாவட்டம். பெர்ட்ரண்ட் ரஸல் 1927இல் லண்டன் பாட்டர்சியில் ஆற்றிய, தான் ஏன் கிறிஸ்தவன் அல்ல என்ற உரை குத்தூசி குருசாமியால் தமிழானது. பகத் சிங் லாகூர் சிறையில் எழுதிய நாத்திகக் கட்டுரையை ஜீவா மொழிபெயர்த்தார். ஈரோட்டில் வெளியான அந்த நூலுக்காக அரசு வழக்குப் போட்டது. இந்த விவாதத்துக்கு இருவரில் பகத் சிங்தான் கூடுதலாகப் பயன்படுகிறார். ரஸலுக்கு முன்னால் இருந்தது ஒரு மதம். பகத் சிங்கின் எதிரில் இரண்டு விடைகளும் இருந்தன. சர்வவல்லமையுள்ளவர் ஏன் இந்தத் துயர உலகைப் படைத்தார் என்று கேட்டவர், முற்பிறவிப் பாவம் என்ற விடை ஏழையைத்தான் தண்டிக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

அவர்கள் காட்டிய திசையில் பஞ்சத்தைத் திரும்பப் பார்த்தால் வேறு முகங்கள் தெரிகின்றன. மழையை நிறுத்தியது மனிதர் அல்லர். மக்கள் செத்த ஆண்டுகளில் தானியம் கப்பலேறியது மனிதர் முடிவால். நிவாரண வேலைக்குக் கூலியாக நாளுக்கு ஒரு ராத்தல் தானியத்தோடு சில்லறைக் காசு போதும் என்று குறைத்தவர் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். அதை எதிர்த்து வாதாடியவர் மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். ஒருவர் பஞ்சத்தைக் கடவுளின் செயல் என்று ஏற்றுக்கொண்டால் டெம்பிளிடம் கேட்க எதுவும் மிஞ்சாது. வினை என்று ஏற்றாலும் மிஞ்சாது.

இங்கே ஒரு கிறிஸ்தவர் என்னை மறுக்கலாம். நீங்கள் தத்துவ நூலின் கடவுளோடு சண்டையிடுகிறீர்கள். நாங்கள் நம்புவது சிலுவையில் அறையப்பட்டவரை. அவர் மேலே நின்று அனுமதிப்பவரல்ல, கீழே வந்து சேர்ந்து துன்பப்படுபவர் என்று. நான் கேட்டவற்றில் உயர்ந்த பதில் இது. ஆனால் இதன் முழுப் பொருளை ஏற்றால் சர்வவல்லமை என்ற சொல்லைக் கைவிட வேண்டிவரும். தடுக்க முடிந்தும் தடுக்காமல் கூடவே அழுபவரின் கண்ணீர் ஆறுதல் தராது. தடுக்க முடியாமல் கூடவே நிற்பவரின் கண்ணீர் தரும். கோவைப் பேராயராக 1950இல் பொறுப்பேற்ற ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகக் காண வேண்டும் என்று எழுதியவர். சைவத்திலிருந்து மாறியவரின் மகனான அவர் ராமானுஜரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தர்யாமி என்ற எண்ணம், உயிர்க்குள்ளேயே இருந்து இயக்குபவர். அவர் சர்வவல்லமையை மறுத்தவரல்லர். என்றாலும் அவருடைய திருமண்டலத்து ஜெபங்களில் கசிவது கட்டளையிடும் சக்கரவர்த்தியின் நிழலா, உள்ளிருந்து தவிக்கும் தோழனின் மூச்சா என்று கேட்டால், இரண்டாவதை நோக்கித்தான் அவருடைய எழுத்து நம்மை நடத்துகிறது. வல்லமை குறைந்தவரை ஏன் தொழ வேண்டும் என்று கேட்பார்கள். வலிமைக்காகத்தான் தொழுகிறோம் என்றால் அது பயம்; தாயிடம் அவள் எதையும் செய்ய வல்லவள் என்பதற்காகப் பிள்ளை போவதில்லை.

இப்படிக் கேட்பதே விசுவாசத்துக்கு விரோதம் என்பவர்களுக்கு அவர்களுடைய வேதத்திலேயே யோபுவின் நூல் இருக்கிறது. பிள்ளைகளை இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்த மனிதன் கடவுளை வழக்குக்கு இழுக்கிறான். நண்பர்கள் மூவர் வந்து கடவுளுக்காக வாதாடுகிறார்கள்: நீ ஏதோ செய்திருப்பாய், அவர் நீதி தவறமாட்டார் என்று. நம் ஊரில் வினை என்று சொல்லப்படுவதை அவர்கள் தங்கள் பாஷையில் சொல்கிறார்கள். கடைசியில் சுழல்காற்றிலிருந்து கடவுள் பேசும்போது, கடலையும் நட்சத்திரங்களையும் லிவியாத்தானையும் காட்டுகிறாரே தவிர, யோபு ஏன் துன்பப்பட்டான் என்று ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. ஆனால் 42ஆம் அதிகாரத்தில் அவர் நண்பர்களின் பக்கம் திரும்புகிறார். தம் பக்கம் நின்று வாதாடிய அவர்கள்மேல் தமக்குக் கோபம் என்றும், தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்றும் சொல்லி, அவர்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி கேள்வி கேட்டவனிடமே அவர்களை அனுப்புகிறார்.